ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின், பழைய ரப்பர் ஜோடி: துளைக்காக அல்ல, கனத்துக்காக வாங்குங்கள்

ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் ஜெட் ஃபின், டைவர்கள் காலில் மாட்டி நீந்தும் ரப்பர் துடுப்பு. கையில் எடுத்ததும் முதலில் தெரிவது கனம்தான். பெரிய அளவு ஜோடி மூன்று கிலோவை ஒட்டி வரும். பிளாஸ்டிக் துடுப்புகளோடு பழகிய கைக்கு இது அம்மிக்கல்லைத் தூக்குவது போல இருக்கும். தண்ணீரில் விட்டால் மிதக்காது, நேராக அடிக்குப் போய்விடும். படகு ஓரத்தில் மாட்டும்போது ஒன்று நழுவினால், அதைத் தேடி இறங்க வேண்டியதுதான். இருந்தும் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய இந்த வடிவத்தைக் குகை டைவர்களும் கப்பல் சிதைவுகளுக்குள் போகிறவர்களும் இன்னும் தேடி வாங்குகிறார்கள். அதற்குக் காரணம், துடுப்பில் உள்ள துளைகள் வழியே தண்ணீர் பீய்ச்சி ஆளை முன்னால் தள்ளும் என்று விளம்பரங்கள் சொன்னது அல்ல.

பிரான்சின் மார்செய் நகரில் ஜார்ஜ் பூஷா 1964இல் கொண்டுவந்த வடிவம் இது. 1965 வாக்கில் ஸ்கூபாப்ரோ அதை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பும் ரப்பர் துடுப்புகள் இருந்தன. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ 1933இல் காப்புரிமை பெற்றார். ஓவன் சர்ச்சில் 1940இல் அமெரிக்காவில் விற்பனையைத் தொடங்கினார். 1950களில் இத்தாலியின் கிரெஸ்ஸி நிறுவனம், குதிகாலையும் சேர்த்து மூடும் ரொண்டினே துடுப்பைக் கொண்டுவந்தது. அவற்றின் பிளேடு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி, துளையில்லாத ஒரே முழுத் தட்டு. ஜெட் ஃபின்னில், கால்விரல்களுக்கு முன்னால் பிளேடு தொடங்கும் இடத்தில் குறுக்காகத் திறப்புகள் வைத்தார்கள். பெயரில் உள்ள 'ஜெட்' அங்கிருந்துதான் வந்தது.

அந்தத் திறப்புகளின் வேலை இதுதான். பாதத்தை ஒட்டிய பகுதி உதைக்கும்போது தண்ணீரைத் தள்ளுவதைவிட தடுப்பதே அதிகம். அந்தத் தண்ணீருக்கு வழி விட்டால் கணுக்காலுக்கு வரும் சுமை குறையும். கொள்கை சரி. ஆனால் திறப்பு வழியே தண்ணீர் பீய்ச்சி அடித்து ஆளை முன்னால் தள்ளுகிறது என்று நம்ப வேண்டாம். தவளைபோலக் கால்களைப் பக்கவாட்டில் விரித்துச் சேர்க்கும் தவளை உதையில் அதன் பங்கு சிறியது என்பதே எங்கள் கணிப்பு. இந்தத் துடுப்புக்கு உண்மையான பலம் கொடுப்பவை மூன்று: குட்டையான அகலப் பிளேடு, இரு பக்கமும் ஓடும் தடித்த விளிம்பு, பாதம் நுழையும் காலுறையும் பிளேடும் ஒரே ரப்பரில் ஒரே வார்ப்பாக இருப்பது. இணைப்பே இல்லாததால் பிய்ந்து வர இடமில்லை. கணுக்காலை எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவும் பிளேடு நுனி வரை போகும். பின்னோக்கி நீந்தவும், இருந்த இடத்திலேயே சுற்றித் திரும்பவும் இந்த விறைப்பு வேண்டும். மெல்லிய நீளப் பிளேடு அந்த நேரத்தில் வளைந்து கொடுத்துவிடும், உடம்பு திரும்பாது. பிளேடு குட்டை என்பதால் வண்டல் படிந்த தரைக்கு மேலே போகும்போது சகதி கிளம்புவதும் குறைவு.

மேலும் கீழுமாக அடிக்கும் சாதாரண உதைக்கு இது தோதானதல்ல. நீரோட்டத்துக்கு எதிராக நீண்ட நேரம் அப்படி அடித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தொடைக்கும் கணுக்காலுக்கும் பழக்கம் இல்லாதவர் இதை முதல் துடுப்பாக வாங்கக் கூடாது.

பழைய ஜோடி வாங்கும்போது பெயரையும் நிறத்தையும் பார்க்காதீர்கள், ரப்பரைப் பாருங்கள். பிளேடை நுனியிலிருந்து பிடித்து ஏறக்குறைய அரை வட்டமாக வளையுங்கள். வளைத்தபடியே பக்க விளிம்பு காலுறையோடு சேரும் இடத்தையும், திறப்புகளின் மூலைகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இழுபடும் திசைக்குக் குறுக்காக மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால் அது ஓசோன் வெடிப்பு. காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் முதலில் தாக்கும். மேல்தோலோடு நிற்கும் கோடுகள் பக்க விளிம்பில் இருந்தால் சமாளிக்கலாம். நகம் உள்ளே இறங்கும் அளவு ஆழமிருந்தாலோ, திறப்பின் மூலையிலிருந்து கிளம்பியிருந்தாலோ வேண்டாம். அது உதைக்க உதைக்க நீளும், பசை போட்டு நிறுத்த முடியாது.

தொட்டால் பிசுபிசு என்று ஒட்டினால் எண்ணெயோ வெப்பமோ ரப்பரைக் கெடுத்திருக்கிறது, திரும்ப வராது. மேலே வெள்ளைப் பொடி போலப் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். ரப்பருக்குள் இருக்கும் மெழுகோ கந்தகமோ மேலே வந்து படிவது அது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும். சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்த ஜோடியின் நுனி சுருண்டிருக்கும். 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, சமதளத்தில் பலகை வைத்து மேலே பாரம் ஏற்றி ஆறவிட்டால் ஓரளவு நிமிரும். முழுதாக நிமிரும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், வார்ப்பின்போதே இறுகிய ரப்பர் பிளாஸ்டிக்கைப் போல மறுபடி வடிவம் எடுக்காது.

குதிகால் ரப்பர் பட்டை எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எப்போதும் இழுபட்டே இருப்பதால் மற்ற பாகத்தைவிட முதலில் வெடிப்பது அதுதான். துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் பட்டை போடுவதே நல்லது. தடித்த கையுறையோடும் ஒரே இழுப்பில் மாட்டலாம். வாங்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, பக்கவாட்டில் பக்கிள் மாட்டும் முனை. பழைய ஜோடிகளில் இது எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்காது, அதனால் புகைப்படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள். இரண்டு, ஸ்பிரிங் நீளம். பூட்ஸோடு மாட்டிய நிலையில் கொஞ்சம் இழுபட்டு நிற்க வேண்டும். தளர்ந்தால் தவளை உதையில் துடுப்பு பக்கவாட்டில் புரளும்.

அளவு விஷயத்தில்தான் நம் பக்கத்து டைவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இந்தக் காலுறை அகலமானது, குளிர்நாட்டு டைவர்கள் போடும் தடித்த பூட்ஸுக்கும், தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட்டுக்கும் தோதானது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ 3 மில்லிமீட்டர் பூட்ஸ் போட்டு இறங்கினால், செருப்பு எண்ணுக்குப் பொருந்த வேண்டிய அளவு கூட லொடலொடவென்று இருக்கும். எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் போடும் பூட்ஸோடு மாட்டிப் பாருங்கள். விரல்கள் காலுறையின் முன் வாயை எட்ட வேண்டும், பாதம் பக்கவாட்டில் அசையக் கூடாது. வெறுங்காலில் மாட்டும் எண்ணம் இருந்தால் இந்தத் துடுப்பையே மறந்துவிடுங்கள், குதிகாலை மூடும் வகைதான் சரி.

கனத்தின் நன்மை தீமை இரண்டும் நீரில் உடம்பு கிடைமட்டமாக நிற்பதில் தெரியும். டிரை சூட்டில் காற்று கால் பக்கம் ஓடித் தலைகீழாகத் தூக்கும்போது இந்தக் கனம் கைகொடுக்கும். தண்ணீர் உள்ளே புகும் மெல்லிய வெட் சூட்டில் அதே கனம் காலை இறக்கும். சோதிப்பதற்கு டைவின் ஆரம்பம் சரியான நேரமல்ல. அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது, முக்கியமாக அதன் அடிப்பக்கம் லேசாகி இடுப்பைத் தூக்கும், கனமான துடுப்பு அதைச் சமன் செய்யவும் கூடும். ஆகவே சிலிண்டரில் 50 பார் காற்றழுத்தம் மிச்சம் இருக்கையில், முழங்காலை மடக்கி, கையை முன்னால் நீட்டி, பத்து நொடி உதைக்காமல் நில்லுங்கள். கால் இறங்கினால் இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு கிலோவை எடுத்துச் சிலிண்டரின் மேல் பட்டையில் மாட்டி, மறுபடி பாருங்கள். முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கினாலும் துடுப்பு நெஞ்சுப் பக்கம் நெருங்கி, இறக்கம் குறையும். உங்கள் ஜோடி தண்ணீரில் எவ்வளவு இழுக்கிறது என்று அறிய, வாளி உப்புத் தண்ணீரில் முங்கவிட்டு, தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தால் போதும்.

பராமரிப்புக்கு நன்னீர், நிழல், காற்றாடும் இடம் போதும். தேங்காய் எண்ணெய், வாசலின், மண்ணெண்ணெய் எதுவும் தடவக் கூடாது, ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். பளபளப்பு வேண்டுமென்றால் சிலிகான் தடவலாம். சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் அறையில் துடுப்பை வைப்பதைப் பலரும் தவறு என்று நினைப்பதில்லை. அங்குள்ள மின் மோட்டார்களில் பொறி பறந்தால் ஓசோன் உண்டாகலாம், அது நல்ல ரப்பரையும் சீக்கிரம் வெடிக்க வைக்கும். கீழே தட்டையாகக் கிடத்துங்கள், மேலே எடை வைக்காதீர்கள்.

தவளை உதை பழகியவர், பூட்ஸ் போட்டு இறங்குபவர், குகைக்குள்ளோ கப்பல் சிதைவுக்குள்ளோ சகதி கிளப்பாமல் போக விரும்புபவர், இவர்களுக்குச் சேதமில்லாத பழைய ஜோடி இன்றும் முதல் தரம். விமானத்தில் எடை கட்டுப்பாட்டோடு பயணிப்பவருக்கு இல்லை. ரப்பரில் ஆழமான வெடிப்பு இருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள். இதே வடிவத்தை ஸ்கூபாப்ரோ இன்றும் புதிதாக விற்கிறது.