பார்க்கின்சன் குழு வகுப்புகள்: அயனாவரத்திலிருந்து போய்வந்த எங்கள் அனுபவம்

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியானது 2017 கடைசியில். அடுத்த வருடமே தென்சென்னையில் ஒரு அறக்கட்டளை நடத்தும் வாராந்திரக் குழுவில் சேர்ந்தோம். இன்றுவரை ஏதோ ஒரு வகையில் அதோடு தொடர்பில் இருக்கிறோம். புதிதாக நோய் தெரியவந்த வீடுகளிலிருந்து என்னிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த மாதிரி குழுவுக்கெல்லாம் போனா பிரயோஜனம் இருக்கா?" இருக்கிறது, நிச்சயமாக இருக்கிறது. ஆனால் சேரும்போது அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். வர முடியாமல் போனவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு குழுவின் தரம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அவர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது கை நடுங்கியபோதுதான் டாக்டரிடம் போனோம். ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்பே அவருக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கியிருந்தது. தூக்கத்தில் கத்தி, கையை வீசி அடிப்பார். இதெல்லாம் ஒரே நோயின் முன் அறிகுறிகள் என்று குழுவின் அறிமுக வகுப்பில்தான் தெரிந்துகொண்டோம். மூளையில் உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கணிசமாக அழிந்த பிறகே நடுக்கம் வெளியே தெரியும் என்றார்கள். எங்கள் நரம்பியல் மருத்துவர் நல்லவர்தான். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவரால் இதையெல்லாம் உட்கார்ந்து விளக்க முடியாது.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய உதவி மாத்திரை நேரத்தைப் பற்றியது. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரைதான் இந்த நோய்க்கு முக்கிய மருந்து. சிண்டோபா என்று சொன்னால் மருந்துக்கடையில் எல்லோருக்கும் தெரியும். அது குடலில் உறிஞ்சப்படும்போது சாப்பாட்டில் இருக்கும் புரதமும் போட்டிக்கு வரும். இவர் காலையில் மாத்திரையைப் பால் காப்பியோடு விழுங்குவார், பின்னாலேயே இட்லி, சாம்பார். பதினோரு மணி வரை உடம்பு இறுகியே கிடக்கும். எங்களுக்கு முன்பே குழுவில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், "சார், வெறும் தண்ணியில போட்டுட்டு அரை மணி கழிச்சு டிபன் சாப்பிட்டுப் பாருங்க" என்றார். டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு மாற்றினோம். சீக்கிரமே வித்தியாசம் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் இதோடு சேரக்கூடாது, தள்ளித்தான் போட வேண்டும்.

பூனைக்காலி விதைப் பொடி பற்றிய எச்சரிக்கையும் அங்கேதான் கிடைத்தது. சொந்தக்காரர்கள் நல்ல மனசோடு வாங்கிவந்து கொடுப்பார்கள். அந்த விதையிலேயே லெவோடோபா இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாமல் மாத்திரையோடு அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு எகிறிவிடும், உடம்பு தன்னிச்சையாக முறுக்கி ஆட ஆரம்பிக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும்.

உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பத்தில் சுமார்தான். மூட்டுவலிக்காரர்களுக்குச் சொல்லித்தருவதையே எங்களுக்கும் தந்தார்கள். பிறகு இந்த நோய்க்கென்றே பயிற்சி எடுத்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்ததும் எல்லாம் மாறியது. இந்த நோயில் அசைவுகள் தானாகச் சுருங்கும், சுருங்குவது அவர்களுக்கே தெரியாது. அதனால் கையை முழு வீச்சில் வீசச் சொல்வார், காலை அகலமாக எட்டி வைக்கச் சொல்வார். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001லேயே பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடன வகுப்பு தொடங்கியது என்று சொல்லி, இங்கே கோலாட்டம் ஆரம்பித்தார். கோல் இரண்டு கைக்கும் வேலை கொடுக்கும், தாளம் காலை இழுத்துக்கொண்டு போகும். வெட்கப்பட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த இவர் மூன்றாவது வாரம் தானாக எழுந்து கோலை வாங்கினார். சுற்றித் திரும்பும்போதுதான் விழும் ஆபத்து அதிகம் என்பதால், திரும்பும் இடத்தில் மட்டும் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு ஆள் நிற்கும்.

நடக்கும்போது கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்வது எங்கள் வீட்டில் பெரிய பிரச்சனை. குறிப்பாகக் குளியலறை வாசலில். பழகிய நடையை மூளை தானாக ஓட்டும் வழி இந்த நோயில் பழுதாகிறது. ஆனால் கண்ணுக்கு ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கொடுத்தால் வேறு வழியாக நடை கிளம்பிவிடுகிறது. ஹாலிலிருந்து குளியலறை வரைக்கும் ஒரு அடி இடைவெளியில் மஞ்சள் டேப் ஒட்டினோம். கோட்டைத் தாண்டித் தாண்டிப் போய்விடுவார். பின்னாலிருந்து தள்ளுவதோ, "சீக்கிரம் வாங்க" என்று அவசரப்படுத்துவதோ நிலைமையை மோசமாக்கும் என்பதையும் அங்கே சொல்லித்தான் தெரிந்தது.

குரல் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். பார்க்கின்சனில் குரல் மெலிந்துகொண்டே வரும். பேசுகிறவர் சரியாகத்தான் பேசுகிறோம் என்று நினைப்பார், எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. முதலில் போன் பேசுவது நிற்கும், அப்புறம் வீட்டுக்கு வந்தவர்களோடு பேசுவது நிற்கும், கடைசியில் மனைவியோடும் நிற்கும். எல்எஸ்விடி லவுட் என்று ஒரு முறை இருக்கிறது: வாரம் 4 நாள், ஒரு மணி நேரம் வீதம் 4 வாரம், ஒருவருக்கு ஒருவர் பயிற்சி. தனியாகச் செய்ய நல்ல செலவாகும். குழு வகுப்பு அதற்கு ஈடாகாது, அதை அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வாராவாரம் சத்தமாகப் பேசிப் பழகியது எங்களுக்கு உதவியது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு அம்மா திருப்பாவை சொல்வார், போஸ்ட்மாஸ்டர் திருக்குறள். இவர் ரயில்காரர் அல்லவா, சென்ட்ரலிலிருந்து புறநகர் ஸ்டேஷன் வரிசை: பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், வில்லிவாக்கம், கொரட்டூர் என்று ஆவடி வரைக்கும். அம்பத்தூர் வருவதற்குள் குரல் இறங்கினால் எல்லோரும் சேர்ந்து "சத்தம் போதலை சார்" என்பார்கள். மறுபடி சென்ட்ரலிலிருந்து தொடங்குவார். வீட்டிலும் காலையில் செய்தித்தாளை இப்படித்தான் வாசிப்பார்.

இவர்கள் உடற்பயிற்சி செய்யும் நேரத்தில் பக்கத்து அறையில் எங்களுக்கு, அதாவது கவனித்துக்கொள்பவர்களுக்கு, ஒரு மணி நேரம். உளவியல் ஆலோசகர் ஒருவர் இருப்பார், ஆனால் பெரும்பாலும் நாங்கள்தான் பேசுவோம். வெளியே யாரிடமும் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னது நினைவிருக்கிறது: வாழ்நாளெல்லாம் சீட்டையே தொடாத கணவர் ராத்திரி முழுக்க போனில் ரம்மி ஆடிப் பணத்தைத் தொலைக்கிறார், புத்தி கெட்டுவிட்டது என்று குடும்பமே பேசுகிறது. அந்த அறையில் இருந்த இன்னொருவர் உடனே, "பிராமிபெக்சோல் சாப்பிடறாரா?" என்று கேட்டார். டோபமினைப் போலவே வேலை செய்யும் அந்த வகைப் பார்க்கின்சன் மருந்துகள் சிலருக்கு இப்படி அடக்க முடியாத ஆசையைத் தூண்டிவிடும். சூதாட்டம், கண்டதை வாங்குவது, ஓயாமல் சாப்பிடுவது, காம உணர்ச்சி அதிகமாவது. தானாக நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். போனார்கள், மருந்தை மாற்றினார்கள், ரம்மி ஆட்டம் மெல்ல அடங்கியது. அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்டிருக்காவிட்டால் அந்த மனிதரைக் குடும்பமே வெறுத்திருக்கும். இந்த ஒரு மணி நேரம் இல்லாத குழுவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

குழு எங்களுக்குப் போட்டுக்கொடுத்த அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர், மாத்திரைகள், எந்தெந்த மணிக்கு, எவ்வளவு, டாக்டர் எண். பின்பக்கம் கொடுக்கக்கூடாத மருந்துகள்: வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், மனக்குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடால். இவை டோபமினின் வேலையைத் தடுப்பதால் பார்க்கின்சனை மோசமாக்கும். காய்ச்சல், வாந்தி என்று இவரை ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, வார்டில் எல்லோருக்கும் கொடுக்கும் நேரத்தில்தான் மாத்திரை வந்தது. வாந்தி ஊசியாக மெட்டோகுளோப்ரமைட்டையே எடுத்துவந்தார்கள். அட்டையைக் காட்டித் தடுத்தேன். மாத்திரைக்காக டியூட்டி டாக்டரிடம் மன்றாட வேண்டியிருந்தது, அதற்குள் இரண்டு வேளை தள்ளிப்போய் அவரால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. மருத்துவமனையில் பார்க்கின்சன் மருந்தை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக பிரிட்டனில் பார்க்கின்சன்ஸ் யூகே அமைப்பு தனியாக ஒரு இயக்கமே நடத்துகிறது. நம் ஊருக்கும் அது வேண்டும்.

இனி குறைகள். ஆரம்ப காலத்தில் வகுப்பு நடந்தது முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. நடை தடுமாறுகிறவர்களுக்கு மாடிப்படி! பேசிப் பேசித்தான் கீழே இடம் மாற்றினார்கள். வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் ஆங்கிலத்திலேயே பேசிவிட்டுப் போவார்கள், பாதிப் பேருக்கு ஒன்றும் புரியாது. குழுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அயனாவரத்திலிருந்து போய்வரும் ஆட்டோ செலவு எங்கள் பென்ஷனுக்குச் சின்னதில்லை. வடசென்னைக்காரர்கள் பலர் இதனாலேயே நின்றுவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒருவர் வருவது நின்றால் யாரும் ஏன் என்று கேட்காதது. டாக்டர்கள் ஹோன்–யார் என்ற அளவுகோலில் இந்த நோயை 5 நிலைகளாகப் பிரிக்கிறார்கள், 1967இல் வந்த அளவுகோல் அது. 3ஆம் நிலையில் உடலின் சமநிலை தடுமாறத் தொடங்கும், 5ஆம் நிலையில் சக்கர நாற்காலி அல்லது படுக்கை. நான் பார்த்த வகுப்புகள் எல்லாம் 3ஆம் நிலை வரை உள்ளவர்களுக்கானவை. அதைத் தாண்டியவர் வகுப்பிலிருந்து மறைந்துவிடுவார். அந்தப் போஸ்ட்மாஸ்டர் சாரின் நாற்காலி காலியாகி ஆறு மாதம் கழித்துத்தான் அவர் படுக்கையில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது. 2020இல் கொரோனா வந்து வகுப்பு போன் திரைக்கு மாறியபோது அவர் திரும்ப வந்தார், தலையணையில் சாய்ந்துகொண்டே திருக்குறள் சொன்னார். நேரடி வகுப்பு மறுபடி தொடங்கியதும் போன் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அவரும் அவரைப் போன்றவர்களும் இரண்டாவது தடவையாக வெளியே போனார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நாங்களும் அந்தப் பக்கம் வந்துவிட்டோம். இவருக்குச் சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது. நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டதில் வாரம் ஒரு முறை போன் வகுப்பு திரும்ப வந்திருக்கிறது, இரண்டு தன்னார்வலர்கள் வராதவர்களை அழைத்துப் பேசுகிறார்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் இருக்கிறது என்று சொல்லி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும் உதவினார்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு, அதை நான் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்தேன். உங்கள் வீட்டிலும் படுக்கையில் இருப்பவர் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

அயனாவரம், பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் ஒரு கூடம் கிடைத்தால் மாதம் இரண்டு முறை இங்கேயே வகுப்பு நடத்தத் தயார் என்று குழு சொல்லியிருக்கிறது. தரைத்தளமாக இருக்க வேண்டும், சாய்தளம் வேண்டும், சக்கர நாற்காலி நுழையும் கழிவறை வேண்டும். இரண்டு இடம் பார்த்தேன். ஒன்றில் கழிவறைக் கதவு குறுகல். இன்னொன்று எல்லாம் சரி, ஆனால் சாயங்காலம்தான் தருவோம் என்கிறார்கள். எங்களில் பலருக்கு மருந்து நன்றாக வேலை செய்வது காலை பத்து, பதினோரு மணிக்கு. அந்த நேரத்தைக் கேட்டு அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன்.