படிவத்தை நிரப்பினோம், படிக்கத்தான் ஆளில்லை

அம்மாவுக்கு 67 வயது. அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். இருவரையும் ஒரே உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டது நான்தான். "எல்லா வயதினருக்கும் ஏற்றது, கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனம்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்பினேன். பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஒரு இடத்தைத் தவிர்த்துவிட்டு அதே மாதிரி இன்னொரு இடத்தில் போய் நீங்கள் சேர்ந்தால் என்ன பயன்?

சேரும்போது உடல்நலப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற கவனத்தோடு நிரப்பினார். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை, எலும்பு அடர்த்திக் குறைவு, இரண்டையும் எழுதினார். வாங்கி இழுப்பறையில் போட்டார்கள். அதோடு சரி.

முதல் வாரமே கூத்து ஆரம்பித்தது. சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தார்கள்: 220-இல் வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்ச வரம்பு. அம்மாவுக்கு 153. அதில் 70 சதவீதமான 107-ஐ எட்டினால்தான் பயிற்சி என்றார் பயிற்சியாளர். அம்மாவுக்கோ மூச்சு வாங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மணிக்கட்டுக் கருவி 92-ஐத் தாண்டவில்லை. "இன்னும் உடம்பே சூடாகலையேம்மா, வேகமா பண்ணுங்க!" துடிப்பை ஏறவிடாமல் அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாதுதான். ஆனால் அதற்குக் கட்டணம் வாங்கியவன் நானில்லையே. இப்படி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எண்ணை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதமான பயிற்சி. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் அது மிகை.

அதே பயிற்சியாளர் அண்ணியிடம் துடிப்பு 140-ஐத் தாண்டவே கூடாது என்றார். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 1985-இல் சொன்ன வரம்பு அது. 1994-இலேயே கைவிட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வாரம்தான் பெரிய அடி. குனிந்து கால்விரலைத் தொடுவது, அப்புறம் மல்லாந்து படுத்துக் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அம்மாவையும் செய்யச் சொன்னார்கள், அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு. மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். அதைவிட மோசம், முதுகு முன்பக்கமாக வளையும்போது முள்ளெலும்புகளின் முன்பகுதியில் விழும் அழுத்தம். எலும்பு மெலிந்தவர்களுக்கு அது நசுங்கிவிடலாம். அம்மாவுக்கு வந்த முதுகு வலியைச் சுளுக்கு என்று நினைத்து மூன்று நாள் ஒத்தடம் கொடுத்தோம். நாலாம் நாள் எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சப்பிப்போயிருந்தது.

அண்ணியை அந்த வாரம் மல்லாக்கப் படுக்கவைத்து நெடுநேரம் காலைத் தூக்க வைத்திருக்கிறார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "இந்த நேரத்துல அப்படித்தான் இருக்கும்" என்று பதில். கருப்பை கனத்த பிறகு மல்லாந்து கிடந்தால், இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய நாளம் அதனடியில் அழுந்தும், ரத்த அழுத்தம் இறங்கும். அண்ணி தானாகவே இடது பக்கம் ஒருக்களித்ததால் தெளிந்தார். குழந்தை நலம். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, தலைசுற்றல், கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்று அந்த வகுப்பில் ஒருநாள்கூட ஒருவரும் சொன்னதில்லையாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். "எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு" என்ற வரிக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து இருந்த பக்கத்தை எடுத்து நீட்டினார்கள். அழகாகக் கோப்பில் வைத்திருந்தார்கள். மாத்திரை விவரம் எழுதிய பக்கத்தைக் கேட்டேன், தேடினார்கள், கிடைக்கவில்லை. "அங்கேயும் ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று அன்று அவசரப்படுத்தியதும் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களையும் கர்ப்பிணிகளையும் அசையாமல் உட்கார வைத்துவிடாதீர்கள். வேறு தடை இல்லாவிட்டால் இருவருக்குமே வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் சொல்லியிருக்கிறது. நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள் போன்றோர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது.

எலும்பு கூடிய பிறகு, மருத்துவர் அனுப்பிய இயன்முறை மருத்துவரிடம் அம்மா போனார். முதல் நாள் முழுக்க என்ன மாத்திரை, எப்போது விழுந்தீர்கள், எழுந்ததும் தலை சுற்றுமா என்று கேள்விதான். கடைசியில் நாற்காலியைப் பிடித்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டார். "பேசியே நேரத்தை ஓட்டிட்டாங்க" என்று அம்மாவுக்கு ஒரே குறை.