ஓவியர்கள் கவனத்துக்கு: உங்கள் வெப்சைட் முகவரி யார் கணக்கில் இருக்கிறது?

தஞ்சாவூர் ஓவியமோ வேறு எந்தக் கைவேலையோ செய்கிறவர்கள், முதல் வெப்சைட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு சைட் போட்டுத் தந்தவரின் பெயரை எழுதவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டொமைன் (வெப்சைட் முகவரி), ஹோஸ்டிங் (சைட்டை இணையத்தில் வைக்கும் இடம்), டிசைன் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் வாங்கினார். லாகின் கேட்டால், "பாஸ்வேர்டு தலைவலியெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா, நீங்க படத்தைப் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார். எனக்காகவே வடிவமைத்ததாகச் சொன்னது, வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் இலவச தீம், அதாவது தயார் வடிவமைப்பு. பாதுகாப்புச் சான்றிதழ் என்று தனியாக 3,000 கேட்டு வாங்கினார். அதை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு காசில்லாமலே தருகிறது.

பணத்தை விட என்னை வதைத்தது வேறு. எல்லாப் படத்துக்கும் கீழே "24 காரட் தங்கம்" என்று அவராகவே எழுதிவிட்டார். நான் ஒட்டுவது 22 காரட் ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. பலகையில் துணி ஒட்டி, மக்கு (சுண்ணாம்புத்தூள் பசை) வைத்து, கல் பதித்து, அதன்மேல் ரேக்கு ஒட்டிக் கொடுக்கும் படத்தை வாங்குகிறவர் வீட்டில் உரசியா பார்ப்பார்? என் வார்த்தையை நம்பித்தான் பணம் தருகிறார். "மாத்திடலாம்க்கா" என்றே இழுத்தடித்தார். நானே மாற்றலாம் என்றால் லாகின் இல்லை. விசாரித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஒரு டாட் காம் முகவரியைப் புதுப்பிக்க ஆயிரத்துச் சொச்சம் ஆகும். இவர் 18,000 கேட்டார். என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றதும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். டொமைன் விற்ற நிறுவனத்தைக் கேட்டால், கணக்கு அவர் பெயரில், அவர் மெயிலில் இருக்கிறது, அவரிடம்தான் பேசுவோம் என்றார்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடும் அவருக்குத்தான் போகும். காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதுவும் கணக்கு வைத்திருப்பவர் கையில்தான். சைட்டுக்குப் பணம் கொடுத்தவள் நான் என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை.

அவர் புதுப்பிக்கவில்லை. முகவரியை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். "ஏம்மா, கிருஷ்ணர் படத்துக்குப் பின்னால ஒட்டியிருக்கியே, அதை ஸ்கேன் பண்ணினா சீட்டாட்டம் வருதே?" நான் விற்ற ஒவ்வொரு படத்தின் ஃபிரேமுக்குப் பின்னாலும் அந்த க்யூஆர் கோடு இருக்கிறது. அதற்குள் இருப்பது பழைய முகவரி, அச்சடித்ததை மாற்ற முடியாது. பூஜை அறையில் மாட்டிய படம் சூதாட்ட விளம்பரத்துக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

சைட் வைத்திருப்பவர்கள் இன்றே பாருங்கள். டொமைன் வாங்கிய கணக்கு உங்கள் மெயிலில் இருக்கிறதா, உங்கள் போனுக்கு ஓடிபி வருகிறதா, நீங்களே உள்ளே போக முடிகிறதா? ஹூயிஸ் (டொமைன் யார் பெயரில் என்று காட்டும் பொதுப் பதிவு) தேடலில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். அங்கே இப்போது உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். லாகின்தான் ஆதாரம். புதிதாக வாங்குகிறவர்கள் டொமைனை உங்கள் கார்டில், உங்கள் கணக்கில் நீங்களே வாங்கிவிட்டு, சைட் கட்டுகிறவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். வாங்கிய 60 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது பொதுவாக முடியாது, அதனால் "அப்புறம் மாத்தித் தரேன்" என்பதற்குத் தலையாட்டாதீர்கள். படங்களின் ஒரிஜினல் ஃபைல்களும் உங்களிடமே இருக்கட்டும், சைட்டில் சிறிய அளவு போதும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அதில் புகார் கொடுத்திருக்கிறேன்.