கார்ட்லெஸ் மைக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரும்: எப்படிச் சேர்த்தால் உருப்படும்?

டியூஷன் சென்டர், யோகா வகுப்பு, வளைகாப்பு, அடுக்ககத்தின் ஆண்டுக் கூட்டம். முப்பது, ஐம்பது பேர் கூடும் இடத்துக்கு மைக் செட்காரரைக் கூப்பிடுவது அதிகப்படி. வீட்டில் இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு ஒரு மைக் இருந்தால் போதும் என்று நினைப்பதில் தப்பில்லை. "ஸ்பீக்கரும் வயர்லெஸ், மைக்கும் வயர்லெஸ், ரெண்டும் தானா சேர்ந்துக்கும்" என்று நம்பி ஆர்டர் போடும்போதுதான் காசு வீணாகிறது.

தானாகச் சேராது. ப்ளூடூத்தில் ஒலி போக வேண்டுமானால் ஒரு பக்கம் அனுப்ப வேண்டும், மறுபக்கம் வாங்க வேண்டும். ஸ்பீக்கருக்கு வாங்கத்தான் தெரியும். ஹெட்செட்டில் இருக்கும் மைக்கோ போனுக்குக் கீழே வேலை செய்ய வடிவமைக்கப்பட்டது. இரண்டையும் பேரிங்கில் போட்டால், இரண்டுமே ஒரு போன் வந்து கூப்பிடும் என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். ஸ்பீக்கர் உள்ளேயே பொருத்தப்பட்ட கரோக்கே மைக்குகளும் இதே கதைதான். அவற்றில் உள்ள ப்ளூடூத், போனிலிருந்து பாட்டை வாங்குவதற்கு. உங்கள் குரலை இன்னொரு ஸ்பீக்கருக்கு அனுப்புவதற்கு அல்ல.

குரல் ஸ்பீக்கருக்குப் போகும் வழியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். மைக்கிலிருந்து ரிசீவர் (மைக் அனுப்பும் அலையை வாங்கும் பெட்டி) வரை ஒரு பாதி, ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை மறு பாதி. பேசுகிறவர் நடமாட வேண்டியது முதல் பாதியில்தான். அங்கே வயர் இருக்கக் கூடாது. ரிசீவரும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போகின்றன. அங்கே அரை மீட்டர் வயரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அந்த வயரையும் ஒழிக்கப் பார்ப்பதால்தான் பாதிப் பிரச்சினைகள்.

ரிசீவர், ஆக்ஸ் வயர்

சொந்தமாக ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு முதல் சிபாரிசு இதுதான். முதலில் ஸ்பீக்கரின் பின்பக்க ரப்பர் மூடியைத் திறந்து, 3.5 மிமீ ஆக்ஸ் துளை, அதாவது வெளியிலிருந்து வயரில் ஒலியை வாங்கும் துளை, இருக்கிறதா என்று பாருங்கள். புது மாடல் என்பதால் இருக்கும் என்று நம்ப வேண்டாம், நிலைமை தலைகீழ். ஜேபிஎல் ஃப்ளிப் 4-லும் சார்ஜ் 4-லும் ஆக்ஸ் இருந்தது. ஃப்ளிப் 5-லும் சார்ஜ் 5-லும் எடுத்துவிட்டார்கள். பார்ட்டிபாக்ஸ் 110 போன்ற பெரிய பெட்டிகளில் 6.35 மிமீ மைக் துளை தனியாகவே உண்டு. கடைக்காரர்கள் அதில் போகும் பின்னை பி-38 என்பார்கள்.

ஆக்ஸ் துளைக்கும் மைக் துளைக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். ஆக்ஸ் எதிர்பார்ப்பது ஏறத்தாழ 0.3 வோல்ட். ரிசீவரின் வெளியீடு பலமாக இருந்து மைக் துளையில் செருகினால் குரல் கிழிந்துபோய் வரும். பலவீனமாக இருந்து ஆக்ஸில் செருகினால், ஸ்பீக்கரை முழுக்கத் திருப்பினாலும் முணுமுணுப்புதான். ரிசீவரில் மைக், லைன் என்று சுவிட்சோ, வால்யூம் திருகோ இருக்கும், ஆக்ஸுக்கு லைன்.

அடுத்து, வயர். இங்கே நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி உண்டு. நல்ல யூஎச்எஃப் ரிசீவரில் (சில நூறு மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் வகை) எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் துளை, 6.35 மிமீ என இரண்டு வெளியீடு இருக்கும். எக்ஸ்எல்ஆரிலிருந்து 3.5 மிமீ ஸ்டீரியோ பின்னுக்கு மாற்றும் ரெடிமேட் வயரைப் பல கடைகளில் கொடுப்பார்கள். அதில் குரல் இடது சேனலில் நேராகவும், வலது சேனலில் அதே குரல் தலைகீழாகவும் போகும். ஸ்டீரியோ ஸ்பீக்கரில் குரல் ஏதோ குழிக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். இரண்டு சேனலையும் கூட்டி ஒன்றாக ஒலிக்கும் மோனோ ஸ்பீக்கரிலோ, நேரும் தலைகீழும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு குரல் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். மைக் விளக்கு எரியும், ரிசீவரில் சிக்னல் ஆடும், ஸ்பீக்கர் வாய் திறக்காது. எந்தப் பொருளும் பழுதில்லை, வயர்தான் தப்பு. 6.35 மிமீ மோனோ வெளியீட்டை எடுத்து, மறுமுனை 3.5 மிமீ ஸ்டீரியோ பின்னில் முனையையும் நடு வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்த வயரைப் போட்டால் இரண்டு சேனலிலும் ஒரே குரல் வரும். கேட்டால் எந்த ஆடியோ ரிப்பேர் கடையிலும் பற்றவைத்துத் தருவார்கள்.

இந்த வழியில் தாமதம் என்று சொல்ல எதுவும் இல்லை. அனலாக் யூஎச்எஃப் மைக்கில் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம், டிஜிட்டல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்கில் பெரும்பாலும் சில மில்லி விநாடியிலிருந்து இருபது சொச்சம் வரை. ஒலி காற்றில் 1 மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர் போகிறது. ஸ்பீக்கர் ஐந்து மீட்டர் தள்ளி இருந்தாலே 15 மில்லி விநாடி ஆகிவிடுகிறதே, அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

குறைகளும் உண்டு. பல சிறிய ஸ்பீக்கர்களில் ஆக்ஸைச் செருகியதும் ப்ளூடூத் அணைந்துவிடும். பின்னணிப் பாட்டும் குரலும் சேர்ந்து வராது. ஜும்பா, பரதநாட்டிய வகுப்பு நடத்துபவர்களுக்கு இது பெரிய இடி. போனின் பாட்டையும் ரிசீவரின் குரலையும் ஒரு சின்ன ஆடியோ மிக்ஸரில் கலந்து ஆக்ஸுக்குக் கொடுப்பதுதான் மாற்று. இன்னொன்று, பேட்டரியை மிச்சப்படுத்த ஆக்ஸில் சத்தம் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் தூங்கிவிடும் ஸ்பீக்கர்கள் உண்டு. தியான வகுப்பில் நீண்ட மௌனத்துக்குப் பிறகு சொல்லும் முதல் வாக்கியம் அப்படித்தான் தொலையும். ரிசீவரையும் ஸ்பீக்கரையும் ஒரே சார்ஜரில் மாட்டிக்கொண்டு ஆக்ஸ் வயரையும் இணைத்தால் ஒரு ரீங்காரம் கேட்கலாம். ஏதாவது ஒன்றை பேட்டரியில் ஓட்டினால் நின்றுவிடும்.

யூஎச்எஃப்பா, 2.4 கிகாஹெர்ட்ஸா?

ஆக்ஸ் வழி என்று முடிவானபின் வரும் கேள்வி இது. கையில் பிடிக்கும் கார்ட்லெஸ் மைக் பெரும்பாலும் யூஎச்எஃப். சட்டையில் குத்தும் காலர் மைக் இப்போது பெரும்பாலும் 2.4.

2.4-இன் எதிரிகள் வைஃபையும் மனித உடம்பும். உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். காலி மண்டபத்தில் கடைசி வரிசை வரை போய்ப் பரிசோதித்து "சூப்பரா இருக்கு" என்று சொன்ன மைக், நூறு பேரும் நூறு போனும் வந்து உட்கார்ந்ததும் விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான். பெட்டியில் போட்டிருக்கும் நூறு, இருநூறு மீட்டர் என்பது நடுவில் யாரும் இல்லாத திறந்தவெளிக் கணக்கு. ரிசீவரைத் தரையிலோ ஸ்பீக்கருக்குப் பின்னாலோ போடாமல், பேசுபவரின் நெஞ்சு உயரத்துக்கு மேல் நேர்ப்பார்வையில் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

யூஎச்எஃப் கூட்டத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் வாங்கும்போது பின்பக்கத்தில் அச்சிட்ட மெகாஹெர்ட்ஸைப் படியுங்கள். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு பகுதியை ஜியோ நாடு முழுவதற்கும் எடுத்தது. 703 முதல் 748 வரை போன்கள் அனுப்பும் பகுதி. 758 முதல் 803 வரை டவர்கள் அனுப்பும் பகுதி. 740, 780 என்று போட்ட பழைய மைக்கைச் சகாய விலையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது இரையலாம், வெட்டலாம். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் நல்ல கம்பெனி மைக்காக இருந்தாலும் இந்த எண்ணைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

காலர் மைக்கில் இன்னொரு விஷயம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கே8, கே9 வகைகளின் ரிசீவர், போனில் செருகும் யூஎஸ்பி-சி குச்சி மட்டுமே. அதை ஸ்பீக்கரின் சார்ஜிங் துளையில் செருகினால் ஒன்றும் நடக்காது. யூஎஸ்பியில் பாட்டு வாங்கும் புதிய ஸ்பீக்கராக இருந்தாலும் நடக்காது. அங்கேயும் இரண்டுமே ஏவலுக்குக் காத்திருக்கும் சாதனங்கள், ஏவுவதற்கு ஆளில்லை. ஸ்பீக்கருக்கு என்றால் ரிசீவரில் 3.5 மிமீ வெளியீடு கட்டாயம். ரோட் வயர்லெஸ் கோ 2, டிஜேஐ மைக் போன்றவற்றில் அது உண்டு. அவை கேமராவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால் வெளியீட்டு அளவைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

விலை ஒருபுறம் இருக்கட்டும், ஸ்பீக்கர் வழியே பேசக் காலர் மைக்கைவிடக் கை மைக் நல்லது. காலர் மைக் பெரும்பாலும் எல்லாத் திசையிலிருந்தும் சத்தத்தை வாங்கும், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளியும் இருக்கும். அதை ஈடுகட்ட வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கரின் சத்தமே மைக்குக்குள் திரும்பி "கொய்ங்" என்று கத்தும். கை மைக் பெரும்பாலும் முன்னால் வருவதையே வாங்குகிறது. வாயிலிருந்து இரண்டு விரற்கடையில் பிடிக்கலாம். எந்த மைக்கானாலும் ஸ்பீக்கர் பேசுபவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு மைக்கைத் திட்டுவதில் நியாயமில்லை.

ட்ராலி ஸ்பீக்கர்

மைக்கோடு சேர்த்தே விற்கும் சக்கரம் வைத்த பெட்டி. ரிசீவர் உள்ளேயே இருப்பதால் வயர் வேலை இல்லை, தாமதம் இல்லை, பாட்டும் குரலும் சேர்ந்தே வரும், இரண்டுக்கும் தனித்தனித் திருகு. இன்னும் ஸ்பீக்கரே வாங்காதவர் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வரலாம். குரலின் தரம் சுமார்தான், பாஸ் (கனத்த அடித்தொனி) கொஞ்சம் தடதடக்கும். வகுப்புக்கும் கூட்டத்துக்கும் அது போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விலை குறைந்தவற்றில் மைக்கின் அலைவரிசை தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். ஒரு பள்ளி ஒரே மாடலில் பத்துப் பெட்டி வாங்கினால், 6-ஆம் வகுப்புக் கணக்கு டீச்சரின் குரல் பக்கத்து அறையின் சமூக அறிவியல் பாடத்தில் வந்து விழும். எஃப்எம் முறையில் பலமான சிக்னல் பலவீனமானதை அமுக்கிவிடும் என்பதால் கலந்து கேட்காது, ஒருவர் குரல் இன்னொருவரை முழுசாக விழுங்கிவிடும். ஒன்றுக்கு மேல் வாங்குகிறவர்கள் சேனல் மாற்றும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ரிசீவரில் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர்

ஸ்பீக்கரில் ஆக்ஸ் இல்லாதவர்கள் போகும் வழி. ரிசீவரின் 3.5 மிமீ வெளியீட்டில் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்மிட்டரைச் செருகி, அதை ஸ்பீக்கரோடு பேர் செய்வது. ஒலி வரும். ஆனால் ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பும் வழக்கமான எஸ்பிசி முறையில் 150 முதல் 250 மில்லி விநாடி தாமதத்தோடு வரும். தன் குரலையே ஏறத்தாழ 200 மில்லி விநாடி பிந்திக் கேட்கிறவருக்கு நாக்கு குழறும். எவ்வளவு பழகிய பேச்சாளரும் வேகம் குறைந்து திணறுவார். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நேர்க்குரலும் ஸ்பீக்கர் குரலும் இரட்டையாக விழும். பாடுகிறவர் பாடு இன்னும் மோசம். ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற இன்னொரு முறை தாமதத்தை 40 மில்லி விநாடி அளவுக்குக் குறைக்கும். ஆனால் இரு பக்கமும் அது இருந்தாக வேண்டும், ஸ்பீக்கர்களில் அது அபூர்வம்.

இது உதவும் இடமும் ஒன்று உண்டு: கேட்பவர்கள் வேறு அறையில் இருந்து, நேர்க்குரல் அவர்களுக்கு எட்டாதபோது. கல்யாண மண்டபத்தில் மேலே மேடை, கீழே பந்தி என்றால் கீழே வைத்த ஸ்பீக்கர் கால் விநாடி பிந்தினால் யாருக்குத் தெரியும்? ஆனால் தளத்தையும் சுவரையும் தாண்டி ப்ளூடூத் எட்டாமல் போகலாம். டிரான்ஸ்மிட்டரை ஸ்பீக்கரின் பார்வையில் வைத்து, ரிசீவரிலிருந்து அதுவரை நீளமான வயர் ஓட்டுங்கள்.

போனை நடுவில் வைப்பது

யூஎஸ்பி-சி மைக்கைப் போனில் செருகி, மைக் ஒலியை அப்படியே வெளியே விடும் ஆப்பைத் திறந்து, போனை ஸ்பீக்கரோடு பேர் செய்வது. செலவு மிகக் குறைவு, தலைவலி மிக அதிகம். மேலே சொன்ன ப்ளூடூத் தாமதத்தோடு போனின் தாமதமும் சேர்ந்துகொள்ளும். சில ஆப்கள் போனைக் கால் பேசும் முறைக்கு மாற்றிவிடும். அப்போது குரல் டெலிபோன் தரத்துக்கு இறங்கும். அதைவிட மோசமாக, காலர் மைக்கை விட்டுவிட்டு ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும் மைக்கைப் போன் எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் தன் சத்தத்தையே கேட்டு அடுத்த நொடி ஊளையிட ஆரம்பிக்கும். ஆப்பில் உள்ளீடு யூஎஸ்பி, வெளியீடு மீடியா என்று குறிப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மட்டுமே முயலலாம். ஏரோப்ளேன் மோடைப் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் திரும்ப இயக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாதிப் பேச்சில் லோன் வேண்டுமா என்று அழைப்பு வரும். அவசரத்துக்கு ஒருநாள் ஓட்டலாம், வாராந்திர வகுப்புக்கு ஆகாது.

ஆக, ஆக்ஸ் உள்ள ஸ்பீக்கருக்கு யூஎச்எஃப் கை மைக்கும் வயரும். ஆக்ஸ் இல்லாத ஸ்பீக்கரைப் பாட்டுக்கே விட்டுவிட்டு, பேச்சுக்குச் சின்ன ட்ராலி ஒன்று. டிரான்ஸ்மிட்டரில் போடும் பணம் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் மேசை டிராயருக்குப் போய்விடுகிறது.

வாங்கும்போது ஸ்பீக்கரையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஸ்பீக்கர் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து வயரைச் செருகி, ரிசீவர் வால்யூமை முக்கால் பங்குக்கு வைத்து, பிறகு ஸ்பீக்கரை மெல்ல ஏற்றுங்கள். மைக் முன் நாக்கால் ஒரு "டக்" கொட்டுங்கள். இரண்டு "டக்" கேட்டால் நடுவில் எங்கோ தாமதம் இருக்கிறது. அடுத்து, ரிசீவர் ஓடும்போதே மைக்கை அணைத்துப் பாருங்கள். நல்ல ரிசீவர் சத்தமில்லாமல் வாயை மூடிக்கொள்ளும், மட்டமானது "ஸ்ஸ்ஸ்" என்று இரையும். இரண்டு மைக் எடுப்பதாக இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுப் பேசிப் பாருங்கள். மூன்று என்றால் 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் அமைந்த செட் வேண்டாம். முதல் இரண்டும் கலந்து பிறக்கும் உபரி அலை, 601-இன் இருமடங்கில் 600 போக, சரியாக 602-இல் போய் மூன்றாவது மைக்கைக் கெடுக்கும்.