அமுக்கராச் சூரணமா, தண்டாலா?

"உடம்பில் தெம்பே இல்லை, சூரணம் வாங்கட்டுமா?" என்று நாற்பதைத் தொட்ட ஆண்கள் பலர் கேட்கிறார்கள். அமுக்கரா (அஸ்வகந்தா) கிழங்குப் பொடி சேர்ந்த அந்தச் சூரணத்தையும் தண்டால் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

செலவு: சூரணம் மாதாமாதம் வாங்க வேண்டும். தண்டாலுக்குத் தரை போதும்.

எளிமை: பாலில் கலந்து குடிப்பது சுலபம். தண்டால் எடுத்தால் முதலில் தோளும் மார்பும் வலிக்கும். சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம்.

பலன்: அமுக்கரா மன அழுத்தத்தைத் தணித்துத் தூக்கத்துக்கு ஓரளவு உதவும். தசை வலுப்பெற உழைப்புதான் வழி.

எச்சரிக்கை: மரபான செய்முறையில் சுக்கு, மிளகு, திப்பிலியோடு சர்க்கரையும் சேரும், நீரிழிவுக்காரர்கள் கவனிக்கவும். தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தூக்கம் கெட்டவருக்குச் சூரணம். நாற்காலியிலேயே நாள் கழிப்பவருக்குத் தண்டால். வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.