16,800 ரூபாய் போச்சு: கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் ஆஃப் ஆகுதுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

இன்னும் கை நடுங்குது. நேத்து ராத்திரிதான் முழு விஷயமும் தெரிஞ்சது. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். கும்பகோணத்துல ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பேர் போடல. அங்க என்கிட்டேருந்து போனது 16,800 ரூபாய். அதோட என் தம்பியோட நல்ல கிராபிக்ஸ் கார்டும் போச்சு, கேம் படத்தைத் திரையில வரைஞ்சு காட்டுற பாகம் அது.

எங்களுக்கு வலங்கைமான் பக்கம். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். லீவு நாள்ல எல்லாம் கல்யாண வீட்டுப் பந்தி பரிமாறப் போய்ச் சேர்த்த காசுல ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணினான். அதுல ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி கார்டு. அதைத் துணி போட்டுத் துடைச்சு வெச்சிருப்பான், எங்களை யாரையும் தொட விடமாட்டான்.

சித்திரையிலேருந்து ஒரு பிரச்சனை. படம் பார்த்தா ஓடுது, காலேஜ் வேலை செஞ்சா ஓடுது. கேம் போட்டா மட்டும் கால் மணி நேரம், இருபது நிமிஷத்துல பட்டுனு கறுத்துப் போய், தானா திரும்ப ஆன் ஆகும். நீலத் திரை கிடையாது, எரர் கிடையாது. தம்பி கார்டை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேரை மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டுப் பார்த்தான், சைடு கதவைக் கழட்டி டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சுப் பார்த்தான். ஒண்ணும் கேக்கல. பரீட்சை வந்துடுச்சு, ஹாஸ்டலுக்குக் கிளம்பிட்டான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள சரி பண்ணி வெச்சிடலாம்னு நினைச்சது நான்தான்.

கேபினெட்டைப் போர்வையில சுத்தி, டவுன் பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு கும்பகோணம் போனேன். கடைக்காரர் எழுந்து வந்து கையிலேருந்து வாங்கி வெச்சார். "எந்த ஊரு தங்கச்சி?"ன்னு கேட்டார். சொன்னேன். "அட, எங்க மாமியார் வீடு அங்கதான், பாடைகட்டி மாரியம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் வருவோம்"னார். பையனை அனுப்பி டீ வாங்கிட்டு வரச் சொன்னார். அந்த டீயைக் குடிச்சப்பவே நான் நம்பிட்டேன். இதை எழுதும்போது அதுதான் ரொம்ப வலிக்குது.

ஒரு புரோகிராம் போட்டு ஓட விட்டார். நம்பர் ஏறி ஏறி சிவப்புல 83 வந்து நின்னுச்சு. "பாத்தியா? 83 டிகிரி. கார்டு வெந்துக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா மதர்போர்டையும் சேர்த்து எரிச்சிடும்"னார். எனக்கு என்ன தெரியும்? காய்ச்சலே 104-னா பயப்படுற ஆளு நான். கேம் ஓடும்போது கார்டு 80 டிகிரியைத் தொடுறது சாதாரணம், ரொம்பச் சூடானா அது தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும்னு இப்பதான் தெரியுது.

"புது கார்டு, 1050 டிஐ, 4 ஜிபி, ஒரு வருஷம் வாரண்டி" 14,500. சர்வீஸ் 1,500. விண்டோஸ் புதுசா போட 800. மொத்தம் 16,800. பழைய கார்டைக் கேட்டதுக்கு, "அது செத்துப்போச்சு தங்கச்சி, ஸ்கிராப்புக்குத்தான் போகும், அதுக்குத்தான் ஐநூறு குறைச்சுப் போட்டிருக்கேன்"னார். 10,000 ஜிபேல அனுப்பினேன், மீதி 6,800 கையில கொடுத்தேன். பில்லுன்னு கொடுத்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் இல்ல, கார்டோட சீரியல் நம்பர் இல்ல, தேதி கூட நான் கேட்டப்புறம்தான் எழுதினார்.

அந்தப் பணம் எதுன்னும் சொல்லிடறேன். மேட்டூர் திறந்து தண்ணி வந்துட்டா குறுவைக்கு உழவு ஓட்டணும்னு அப்பா பீரோவுல வெச்சிருந்தது. சீட்டு எடுத்துத் திருப்பி வெச்சிடறேன்னு சொல்லி வாங்கினேன்.

தம்பி வந்தான். ஆன் பண்ணினான். அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "அக்கா, என் கார்டு எங்க?"ன்னு கேட்டான். நான் பெருமையா, "புதுசு போட்டாச்சுடா"ன்னேன். அவன் முகம் போன போக்கை என்னால மறக்க முடியல. விண்டோஸ் புதுசா போட்டதுல அவனோட புராஜெக்ட் ஃபைலும் போயிருந்தது. கேம் இப்ப தொடங்கின ரெண்டாவது நிமிஷமே மூடிக்குது.

கடைக்குப் போன் பண்ணினேன். முதல் நாள், "டெக்னீஷியன் திருச்சி போயிருக்கான்". அடுத்த நாள், "இன்னைக்கு அமாவாசை, கடை லீவு". மூணாவது தடவை, "உங்க ஊர்ல வோல்டேஜ் சரியில்ல, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்". நேர்ல போனப்போ தங்கச்சியெல்லாம் காணோம். "கேம் ஆடினா வாரண்டி கிடையாதும்மா"ன்னார். கேம் ஆட முடியலன்னுதானே கொண்டு வந்தேன்! பக்கத்துல நின்ன இன்னொரு கஸ்டமர்கிட்ட திரும்பி, "லேடீஸுக்கு இதெல்லாம் புரியாது சார்"னார். 16,800 ரூபாயை வாங்கும்போது லேடீஸ்னு தெரியலையா?

நேத்து தஞ்சாவூர்லேருந்து பெரியப்பா பையன் வந்தார். காலேஜ் ஒண்ணுல கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கறவர். கேபினெட்டைத் திறந்ததும் கார்டோட பின்பக்கத்தை டார்ச் அடிச்சுக் காட்டினார். நீல நிறத்துல, மூணு வரிசை ஓட்டையோட விஜிஏ, அதாவது பழைய மானிட்டர் வயர் சொருகுற இடம். "1050 டிஐ வர்ற வரிசையில அந்த அனலாக் அவுட்புட்டையே எடுத்துட்டாங்கம்மா, இது எப்படி வந்துச்சு?"ன்னார். ஜிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டார். கார்டு பேருக்கு முன்னாடியே ஃபேக்னு காட்டுது. உள்ள இருக்கறது 2010-ல வந்த ஜிடிஎஸ் 450. அதோட பயாஸை, அதாவது கார்டுக்குள்ளயே பதிஞ்சிருக்கற புரோகிராமை, மாத்தி எழுதி 4 ஜிபின்னு சொல்ல வெச்சிருக்காங்க, நிஜத்துல 1 ஜிபிதான். கேம் அதுக்கு மேல மெமரி கேட்ட உடனே விழுந்துடுது.

அடுத்துதான் வயிறு எரிஞ்சது. அண்ணன் தன்னோட நல்ல கார்டைக் கொண்டு வந்திருந்தார். எங்க கேபினெட்ல போட்டுக் கேம் ஓட்டினா, பன்னெண்டு நிமிஷத்துல பழையபடி பட்டுனு ஆஃப். எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள எல்லா பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கற பெட்டியை, கழட்டி என் கையில கொடுத்தார். மேல 500 வாட்ஸ்னு ஸ்டிக்கர், கையில காலி டிபன் பாக்ஸ் மாதிரி கனமே இல்ல. அவரோட எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி அதே கேமை ரெண்டு மணி நேரம் ஓட்டினார். அசையல. விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் பதிஞ்சு வெக்கிற ஈவென்ட் வியூவரைத் தம்பி போன்ல முன்னாடியே எடுத்து வெச்சிருந்த போட்டோவுலயும் வரிசையா கெர்னல் பவர் 41தான். சரியா ஷட்டவுன் ஆகாம கரண்ட் அறுந்த மாதிரி நின்னுடுச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், ஏன்னு அது சொல்லாது. ஆனா கேம் ஆடும்போது மட்டும் இப்படி வந்தா முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸையும் சூட்டையும் பார்க்கணும்னு சொன்னார். கார்டு அதிகமா கரண்ட் இழுக்கும்போது மட்டமான எஸ்எம்பிஎஸ் தாங்காது. பக்கத்து வயல்ல மோட்டார் ஓடும்போது எங்க வீட்டு ஃபேன் மெதுவா சுத்தும், அந்த வோல்டேஜ்ல இன்னும் மோசம்.

அதாவது தம்பி கார்டுக்கு ஒண்ணுமே இல்ல. புது எஸ்எம்பிஎஸ் 4,300 ரூபாய்க்கு வாங்கிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நல்ல கார்டைப் பிடுங்கிக்கிட்டு, போலிக் கார்டைக் கொடுத்து, அதுக்கு மேல 16,800 ரூபாயும் வாங்கிட்டார்.

எப்படிச் சரிபார்க்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப முடியல. அவசரமா சிலது மட்டும் சொல்றேன். கொடுக்கறதுக்கு முன்னாடி கேபினெட்டைத் திறந்து ஒவ்வொரு பாகத்தோட சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்க. பழைய பாகத்தைக் கையோட வாங்கிட்டு வாங்க, செத்துப்போனதா இருந்தாலும் சரி. விண்டோஸ் புதுசா போட விடாதீங்க, பழைய பதிவெல்லாம் அழிஞ்சிடும். வேற எஸ்எம்பிஎஸ் மாட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா கிளம்பிடுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

நுகர்வோர் உதவி நம்பர் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சாச்சு. நாம குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம்னும், பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் இல்லைன்னும் அண்ணன் சொல்றார். அதுக்கு எங்க மாவட்டத் தலைநகர் திருவாரூர் போகணும். அப்பாகிட்ட இன்னும் சொல்லல, உழவுக்கு டிராக்டர் சொல்லி வெச்சிருக்கார்.

இப்பதான் தம்பி பரண்ல ஏறி 1660 சூப்பர் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தான். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் கிழியாம இருக்கு. நாளைக்குக் காலையில முதல் பஸ்ல அந்தப் பெட்டியோட கடைக்குப் போறோம்.