சிம்மக்கல் மாடி டியூஷன்: பிளஸ் ஒன் பிசிக்ஸ்

என் மகள் எறிபொருள் இயக்கத்தில் (எறிந்த பொருள் வளைந்து பறந்து விழும் பாடம்) சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு, எதை எங்கே போடுவது என்று முழிப்பாள். இங்கே சார் முதலில் சூத்திரமே தருவதில்லை. வேகத்தைக் கிடைத்தளம் (தரைக்கு இணையாக), செங்குத்து (மேல்கீழாக) என்று பிரி, இரண்டுக்கும் பொது நேரம் மட்டும்தான் என்கிறார்.

ஒரு பந்தைத் தரையிலிருந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 30 டிகிரி சாய்வில் எறிகிறோம், ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். மேல்நோக்கிய வேகம் 10. ஏற ஒரு நொடி, இறங்க ஒரு நொடி. கிடைத்தள வேகம் 17.3, காற்றுத் தடையை விட்டால் 34.6 மீட்டரில் விழும். உச்சியில் செங்குத்து வேகம் மட்டுமே பூஜ்யம் என்பதை ஒவ்வொரு பிள்ளையையும் சொல்லவைக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

மாடியிலிருந்து எறியும் கணக்குகளுக்கு இன்னும் நேரம் ஒதுக்கலாம். சனிக்கிழமை கூட்டம் அதிகம், வார நாளில் சேர்த்துவிடுங்கள்.